கடலிலிருந்து எடுத்துக் கட்டிய ஊர்

தூத்துக்குடிக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் திருச்செந்தூருக்கோ மணப்பாட்டுக்கோ போகிற வழியில்தான். பனிமய மாதா கோயிலில் பத்து நிமிடம், மக்ரூன் இரண்டு பாக்கெட், அப்புறம் வண்டி கிளம்பிவிடும். ஒரு சுற்றுலா நிறுவனம் என்னிடம், “ரெண்டு மணி நேரத்துல ஊரை முடிச்சுக் குடுங்க மேடம்” என்று கேட்டது. முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு முழுப் பகல் தருகிறவர்களை மட்டுமே கூட்டிப் போகிறேன். விடியுமுன் ஆரம்பித்து இரவு மீன் ஏலத்தில் முடிப்பேன்.

போன பிப்ரவரியில் வந்த குழுவில் கோவையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அவர் மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, சென்னையிலிருந்து இரண்டு கல்லூரிப் பெண்கள். முதல் நாள் இரவு ஆசிரியர் போன் செய்து, “கல்ச்சர் எத்தனை மணிக்கு, நேச்சர் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். கேரளாவில் அப்படித்தான் பிரித்துக் காட்டினார்களாம். “எங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான் சார், காலையில அஞ்சரைக்கு வாசலுக்கு வந்துருங்க” என்றேன்.

முதலில் திரேஸ்புரம். நாட்டுப்படகுக்காரர்களின் கரை அது. இருட்டு பிரியும் நேரத்தில் வள்ளங்கள் கரை சேரும். விளமீனும் ஊளியும் பாறை மீனும் கூடை கூடையாக இறங்கும். கூறு கட்டுகிற பெண்களின் சத்தம் அலைச் சத்தத்துக்கு மேலே கேட்கும். இங்கே நான் யாரையும் வேடிக்கை பார்க்க நிறுத்துவதில்லை. வேலை நடக்கிற இடம், நடுவே நின்றால் திட்டு விழும், விழுவதும் நியாயம். ஓரமாகக் கூட்டிப்போய் சங்குகுளிக்கிற அண்ணன் ஒருவரிடம் விட்டுவிடுவேன்.

அவர் கையில் அன்று, முந்தின நாள் எடுத்த சங்கு ஒன்று இருந்தது. பேத்தி அதைச் சங்கு என்று நம்பவே இல்லை. கோயிலில் பார்க்கும் வெள்ளைச் சங்கு எங்கே, இது எங்கே? கடலிலிருந்து வரும்போது சங்கின் மேல் காப்பி நிறத்தில் ஒரு தோல் போர்த்தியிருக்கும். விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால்தான் உள்ளே வெள்ளை தெரியும். அண்ணன் கத்தியால் ஓர் ஓரத்தில் சுரண்டிக் காட்டினார். உள்ளே உயிர் இன்னும் இருந்தது. வாயை அடைத்திருந்த தடித்த மூடி மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.

“எட்டு பாகத்துல கெடக்கும் தாயி. முக்காவாசி மண்ணுக்குள்ள பொதஞ்சிருக்கும். அது ஊந்து போன தடம் மண்ணுல தெரியும், அதப் புடிச்சுக்கிட்டே போனா கடைசில இது இருக்கும்” என்றார்.

ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், ஏறக்குறைய ஆறடி. எட்டு பாகம் என்றால் நாற்பத்தெட்டு அடி ஆழம். அவருடைய தாத்தா காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலில் கல்லைக் கட்டி இறங்கினார்கள். இப்போது வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடுகிறது. குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அதிக நேரம் கீழே இருக்கலாம், அதிகச் சங்கு எடுக்கலாம். ஆனால் வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி மூட்டு போய்விடும், சிலருக்குக் கால் விளங்காமலே போய்விடும். அண்ணன் இடது தோளைத் தூக்கிக் காட்டினார். பாதிதான் தூக்க முடிந்தது. ஆசிரியரின் மனைவி அந்தத் தோளைப் பார்த்துவிட்டு, “அந்தச் சங்கை எவ்வளவுக்கு எடுப்பாங்க தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

இங்கே எடுக்கும் சங்கில் பெரும்பகுதி வங்காளத்துக்குப் போகிறது. அங்கே கல்யாணமான பெண்கள் போடும் வெள்ளை வளையல் நம் கடல் சங்கை அறுத்துச் செய்தது. வளையலுக்குச் சுற்றளவு வேண்டும் என்பதால் சங்கை வளையத்தில் விட்டு அளப்பார்கள். வளையத்துக்குள் நழுவி விழுகிற சிறு சங்கு திரும்பக் கடலுக்கே போகவேண்டும் என்பது பழைய விதி. வளர்ந்து குஞ்சு பொரித்தபின் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அதில் இருந்தது. முத்துக்கு அந்தக் கணக்கு உதவவில்லை. கொற்கைப் பாண்டியர் காலத்திலிருந்து பேர்போன முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. முத்து நகர் என்ற பெயர் ரயிலுக்கும் கடற்கரைப் பூங்காவுக்கும் மிச்சம்.

வெயில் ஏறுமுன் உப்பளத்துக்குப் போய்விட வேண்டும். எட்டு மணிக்கு மேல் பாத்தியின் வெளிச்சம் கண்ணைக் குத்தும். நான் கூட்டிப்போகிற அளத்தின் முதலாளியிடம் முன்னதாகவே அனுமதி வாங்கிவிடுவேன். ஒரே ஒரு நிபந்தனை நான் போடுவது: கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்கக்கூடாது. என் அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். நடுச்சாமம் தாண்டி எழுந்து, தூக்குவாளியில் பழைய சோறு எடுத்துக்கொண்டு போவார். பகல் வெயில் ஏறும்போது திரும்பிவிடுவார். உள்ளங்கால் வெடிப்பில் உப்பு இறங்கி எரியும் என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் காலை யாராவது படம் எடுத்து ‘அழகு’ என்று போட்டால் எனக்குப் பிடிக்காது.

உப்பு விளைவதை மட்டும் நிதானமாகக் காட்டுவேன், ஏனென்றால் அதைப் பார்த்தவர்கள் குறைவு. கடல்நீரையோ, நிலத்தடியிலிருந்து எடுக்கும் உவர்நீரையோ முதலில் பெரிய பாத்தியில் தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் அதைச் சுண்டவைக்கும். அடுத்தடுத்த பாத்திக்கு நகர நகர நீர் கனமாகும். சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்னாலேயே அடியில் தங்கிவிடும். நீரின் கனத்தை அளக்கும் கருவியில் 25 பாகை வாக்கில் வந்தபிறகு கடைசிப் பாத்திக்கு விடுவார்கள். அந்தப் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி வைத்திருப்பார்கள். இறுகாத தரையில் உப்பில் மண் ஏறிவிடும். உப்பு இறங்கியபின் மிஞ்சும் நீர் கசக்கும். 29, 30 பாகைக்கு மேல் போக விட்டால் அந்தக் கசப்பு உப்பிலும் இறங்கும் என்பதால் வடித்துவிடுவார்கள். வெயில் என்றால் உப்பு வந்துவிடும் என்று நினைக்கிறோமே, வடிக்கிற நேரம் தவறினால் நல்ல உப்பு வராது.

அன்றைக்குப் பாத்தி ஒன்றில் உப்பு பூக்கத் தொடங்கியிருந்தது. குனிந்து பார்க்கச் சொன்னேன். நீரின் மேல்தட்டில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் சதுரச் சில்லுகள் மிதந்தன. ஒன்றோடு ஒன்று ஒட்டி, நடுவில் குழிந்து, சின்னத் தலைகீழ்க் கோபுரமாக ஆகி, கனம் தாங்காமல் மூழ்கின. பேத்தி முழங்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாத்தியில் வாரிக்கொண்டிருந்த அக்கா நீளமான கம்பு போட்ட பலகையை அவளிடம் கொடுத்து, “இழுத்துப் பாருளா” என்றார். அவளால் அரையடி இழுக்க முடிந்தது. கரையில் குவித்த உப்பைப் பனையோலை வேய்ந்து மூடியிருந்தார்கள்.

அந்தப் பக்கம் தேக்கிவைத்த நீரில் பூநாரைகள் நின்றன. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரைச் சலித்துக்கொண்டிருந்தன. உவர்நீரில் வாழும் சின்னஞ்சிறு இறால் இனங்களும் பாசியும்தான் அவற்றுக்குத் தீனி. இறகில் ஏறும் ரோஜா நிறமும் அந்தத் தீனியிலிருந்து வருவதுதான். கூடவே உள்ளான்கள் ஓடிக்கொண்டிருந்தன, வடக்கே வெகு தொலைவிலிருந்து குளிர்காலத்துக்கு வந்தவை. சென்னைப் பெண்களில் ஒருத்தி, “இது சரணாலயமா அக்கா?” என்றாள். இல்லை, தொழிற்சாலை மாதிரி மனிதர்கள் வெட்டி உண்டாக்கிய இடம். இந்த உவர்நீர் இருப்பதால்தான் பறவைகளும் இருக்கின்றன. “கல்ச்சர் எத்தனை மணிக்கு?” என்று கேட்ட ஆசிரியரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் உப்பு கிடையாது. வேலையும் கிடையாது. அந்த மாதங்களுக்கென்று தமிழக அரசு 5000 ரூபாய் உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது நல்ல காரியம். ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் ஓலை வேய்ந்த குவியல்களும் கரைந்து போயின. அதைப் பற்றி அளத்து அக்காக்கள் யாரும் தானாகப் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.

பத்து மணிக்குப் பனிமய மாதா கோயில். எல்லோரும் எதிர்பார்க்கிற இடம், எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற இடம். சுருக்கமாகச் சொல்கிறேன்: மாதா சொரூபம் மணிலாவிலிருந்து 1555-இல் கப்பலில் வந்தது என்று சொல்வார்கள், இப்போதைய கோயில் 1713-இல் கட்டியது, 1982-இல் பசிலிக்கா ஆனது. ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் பெருவிழா. தங்கத்தேர் எல்லா வருஷமும் ஓடாது, விசேஷமான வருஷங்களில் மட்டும். விழாவுக்கு வரும் கூட்டத்தில் எந்தச் சாமி கும்பிடுகிறவர்கள் என்று பிரித்துப் பார்க்க முடியாது. என் அம்மா சங்கர ராமேசுவரர் கோயிலில் பிரதோஷம் பார்த்துவிட்டு, ஆகஸ்டில் மாதாவுக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றுவார். பரதவர்களுக்கு அவள் தாய். கடலுக்குப் போனவன் திரும்பி வரவேண்டும் என்று கரையில் நிற்கிற எவருக்கும் அப்படித்தான்.

நான் அதிகநேரம் நிற்கவைப்பது அதற்குப் பின்னால் இருக்கிற சந்துகளில். பூச்சு உதிர்ந்த ஒரு பழைய மதில் இருக்கிறது. வெயில் பக்கவாட்டில் விழும்போது கிட்டப்போய்ப் பார்த்தால் கல் முழுக்கக் குழி குழியாகத் தெரியும். ஒவ்வொரு குழியின் விளிம்பிலிருந்தும் நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் ஓடும், சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி. அது பவளப்பாறை. ஒவ்வொரு குழியிலும் ஒரு சிறு உயிர் வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து, அதன் மேல் அடுத்தது வாழ்ந்து உண்டான கல். உருண்டையாக வளரும் பவளப்பாறை வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மதிலில் ஒரு முழ நீளக் கல் என்றால் அது ஒரு மனிதனின் பாதி ஆயுள்.

இந்தப் பகுதிப் பழைய கட்டடங்களில் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் பவளம் இருக்கிறது. கடலுக்குள் கடப்பாறையோடு இறங்கிப் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கட்டடத்துக்கும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் பிறகு ஆலைகளுக்கும் போனது. பிழைப்புக்குச் செய்தார்கள், குற்றம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு, கரைக்கு முன்னால் தீவும் பாறையும் நிற்பது எதற்கு என்று மீனவர்களே பேச ஆரம்பித்தார்கள். அதன்பின் பெயர்ப்பது நின்றது.

அந்தப் பேச்சை மதிலின் முன்னால் முடிக்காமல், ஊருக்கு வடகிழக்கே கடலில் இருக்கும் வான் தீவைப் பற்றிச் சொல்வேன். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டபோது அதில் 21 தீவுகள். எல்லாம் பவளச் சல்லியும் மணலும் சேர்ந்து உண்டானவை. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. வான் தீவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது; முன்னால் நின்ற பவளத்தைப் பெயர்த்தபின் அலை நேராக வந்து மணலைத் தின்றது. 2015-இலிருந்து கான்கிரீட்டில் செய்த செயற்கைத் திட்டுகளைத் தீவுக்கு முன்னால் கடலடியில் இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்து மணல் திரும்பச் சேர ஆரம்பித்தது, அந்தத் திட்டுகளில் மீன் ஒதுங்குகிறது, பவளமும் ஒட்டுகிறது. வனத்துறை அனுமதியில்லாமல் தீவில் கால் வைக்க முடியாது. வைக்கவும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். “தீவுக்குக் கூட்டிப் போவீங்களா?” என்று கேட்கிற எல்லோரையும் இந்த மதிலுக்குத்தான் கூட்டிவருகிறேன். தீவிலிருந்து போனது இங்கே இருக்கிறது.

ஆசிரியர் அந்த மதிலில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பாடம் நடத்திய மனிதர் அல்லவா, பேத்தியைக் கூப்பிட்டு ஒரு குழிக்குள் ஆரக்கால் எத்தனை என்று எண்ணச் சொன்னார்.

மதியச் சாப்பாட்டைப் பற்றி நீட்டவேண்டாம், மீன் குழம்பும் சோறும். மக்ரூனை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் மட்டும். ஐரோப்பாவில் பாதாம் போட்டதை இங்கே முந்திரிக்கு மாற்றிக்கொண்டார்கள். கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்து உலர்த்துவார்கள். வாயில் போட்டால் கரைந்தபிறகு கடைசியில் முந்திரி தட்டுப்படவேண்டும். தட்டுப்படாவிட்டால் நல்ல மக்ரூன் இல்லை.

வெயில் உச்சியில் இருக்கும் நேரம் காரில் தெற்கே கொற்கைக்கு. பலர் இங்கே வந்து ஏமாந்து போவார்கள். ஒரு கிராமம், ஒரு குளம், மிகப் பழையதென்று சொல்கிற வன்னி மரம், வாழைத்தோட்டம். பாண்டியரின் துறைமுகம் எங்கே, கடல் எங்கே? கடல் இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி வண்டல் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடற்கரை கிழக்கே நகர்ந்தது. துறைமுகமும் பின்னாலேயே போனது: கொற்கையை விட்டுப் பழையகாயல், அப்புறம் புன்னைக்காயல், கடைசியில் ஆறு வந்து சேராத தூத்துக்குடி. மார்க்கோ போலோ வந்து முத்துக்குளிப்பையும் குதிரை வியாபாரத்தையும் பார்த்தது காயலில். வாழைக்கு நடுவே நின்று, “நீங்க நிக்கிற இடத்துல ஒரு காலத்துல கப்பல் நின்னுச்சு” என்று சொன்னால் குழுவில் யாராவது ஒருவர் காலடியைப் பார்ப்பார். அன்றைக்குப் பார்த்தது ஆசிரியரின் மனைவி.

நாலரைக்குப் பழைய துறைமுகம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மரத்தில் கட்டிய தோணிகள் இன்னும் இங்கிருந்து மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகின்றன. வெங்காயம், காய்கறி, சிமென்ட், ஓடு. உள்ளூர் ஆசாரிகள் கட்டிய கப்பல்கள் அவை. இப்போது எஞ்சின் ஓட்டினாலும் பாய்மரம் வைத்திருக்கும் தோணிகள் உண்டு. தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் ஓட்டம் நின்றுவிடும். மற்ற நேரம் மூட்டை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும்.

வ.உ.சி. பற்றி நான் பேசுவது இங்கேதான், சிலை முன்னால் பேசுவதில்லை. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். அடுத்த வருஷம் கேலியா, லாவோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டிபோட்டது. 1908 தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார், மார்ச்சில் கைதானார், இரட்டை ஆயுள் தண்டனை விழுந்தது. பிறகு அது குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் தோணியில் மூட்டை ஏறுகிற சத்தத்துக்கு நடுவே கேட்கும்போது, ஒரு வக்கீல் கப்பல் வாங்கத் துணிந்தது இந்த ஊரில் ஏன் நடந்தது என்று புரியும். இங்கே கொழும்பு பக்கத்து ஊர். கடல் என்பது போய்வருகிற பாதை.

சென்னைப் பெண்களில் ஒருத்தி தோணியின் பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கும் தொழிலாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உளியால் பஞ்சைத் திணித்துச் சுத்தியலால் தட்டுவார். அந்தத் தட்டலின் சத்தத்தை வைத்தே இடுக்கு நிறைந்ததா என்று அவருக்குத் தெரியும். “தம்பிமாரு யாரும் கத்துக்கிட வரலம்மா” என்றார். அவள் என்னிடம் திரும்பி அடுத்த விடுமுறைக்கு வந்து இதை எழுதி வைக்கலாமா என்று கேட்டாள். வரச்சொல்லியிருக்கிறேன். வந்தால் அவர் வீட்டிலேயே அறிமுகப்படுத்துவேன்.

இரவு ஒன்பது மணிக்கு மீன்பிடித் துறைமுகம். தூத்துக்குடி விசைப்படகுகள் காலை ஐந்துக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் திரும்புகிறவை, அதனால் ஏலம் இரவில் நடக்கும். ஐஸ் உடைக்கும் சத்தம், மின்விளக்கில் கணவாயின் தோல் நிறம் மாறுவது, ஏலக்காரர் மூச்சுவிடாமல் விலையை ஏற்றுவது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். பேத்தி தூங்கி விழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கூடைக்குள் எட்டிப்பார்த்து வலையில் சிக்கி வந்த பவளத்துண்டு ஒன்றை எடுத்து, மதிலில் பார்த்த குழி இதிலும் இருக்கிறது என்று தாத்தாவிடம் காட்டினாள். “அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதும்மா” என்றேன். “தெரியும் அக்கா, சட்டம்” என்று திரும்ப வைத்துவிட்டாள்.

வர நினைக்கிறவர்களுக்கு: ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல நேரம். உப்பு விளையத் தொடங்கியிருக்கும், பறவைகள் இருக்கும், தோணி ஓடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஏலம் இருக்காது. உப்பளத்துக்குப் பழைய செருப்பு போட்டு வாருங்கள், காலில் சின்ன வெட்டு இருந்தாலும் பாத்திக்குள் இறங்கவேண்டாம். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். கடைகளில் பவளமோ கடல்குதிரையோ யாராவது காட்டினால் வாங்காதீர்கள். சங்கு வளையல் வாங்கலாம், அதில் தடையில்லை.